தவளையின் மூலை

எங்கள் வீட்டில் ஒரு மூன்று கால் தவளை இருந்தது. வாயில் காசைக் கவ்விக்கொண்டு கூடத்து மூலையில், முக்காலி மேல் உட்கார்ந்திருக்கும். அதன் முகம் எப்போதும் வீட்டுக்குள்ளே பார்க்க வேண்டும். வாசலைப் பார்த்தால் அதிர்ஷ்டம் துள்ளி வெளியே ஓடிவிடுமாம். தூசி தட்டும்போது ஒருமுறை மறந்து திருப்பி வைத்துவிட்டேன். என் கணவர் போட்ட கூச்சலில் தவளையே காசைத் துப்பியிருக்கும்.

அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எதிரில் இன்னொரு கடை வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுக்கிறார், இவர் கொடுப்பதில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆனால் வீட்டில் கெட்ட சக்தி தேங்கியிருப்பதுதான் காரணம் என்று ஃபெங் ஷூயி என்கிற சீன வாஸ்து பார்ப்பவர் ஒருவர் திசைமானியோடு வந்து சொன்னார். அவருக்கு நான் வைத்த பெயர் திசைக்காரர்.

அதன் பிறகு வாசலில் காற்றுமணி தொங்கியது. மூலைக்கு மூலை கிண்ணத்தில் உப்பு, கண்ணாடிக் குடுவையில் மூங்கில். கழிப்பறை மூடி திறந்திருந்தால் பெருங்குற்றம். இத்தனைக்கும் பணிவிடை செய்ய ஒரே ஆள் நான். கதவைத் தொட்டாலே மணி கலகலக்கும், உள்ளறையிலிருந்து மாமியார், "எங்கம்மா கிளம்பிட்ட?" என்பார். குப்பை கொட்டப் போனாலும் அதே கேள்வி. பதில் சொல்லி அலுத்து, வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். விளிம்பைத் தேய்த்து, பார்த்து, மறுபடி தேய்த்து, கடைசியில் சட்டத்துக்குள் டக்கென்று உட்காரும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. போன வாரம் பழைய முதலாளியம்மா போன் செய்தார்.

"லென்ஸ் பொருத்த ஆளே இல்லம்மா. திங்கக்கிழமை வந்துடு. இல்லன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

சமையலறையில் நின்றபடியே அழுதுவிட்டேன். கணவரிடம் சொன்னதும், "எதுக்கும் திசை பாக்கற சாரை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார்.

அங்கேதான் நான் புத்திசாலித்தனம் பண்ணினேன். திசைக்காரர் வந்த அன்று படிக்கட்டிலேயே அவரை மடக்கினேன்.

"சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. ராசியான பொண்ணுன்னு சொன்னா வேலைக்கு விட்டுடுவாங்க."

"அவ்வளவுதானே? கவலைய விடுங்கம்மா" என்றார். நல்ல மனிதர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

கூடத்தின் நடுவில் நின்று, திசைமானியை என் பக்கம் நீட்டி, "இந்த வீட்டுக்கு நல்ல சக்தியே இவங்கதான். இவங்க முன்னாடி தவளையெல்லாம் சும்மா" என்றார்.

கணவர் வாயைப் பிளந்தார். "அப்படின்னா இவ வெளிய போனா?"

திசைக்காரர் என்னைப் பார்த்தார். ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள் என்பதுபோல் நான் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "சக்தி இருக்கிற இடத்துல இருந்தாத்தான் பலம்" என்று முடித்துவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். அவர் படியிறங்கும் முன்பே கணவர் முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, "அவ வரமாட்டாம்மா" என்று சொல்லிவிட்டார்.

"ஏங்க, நான்தான் அவரை அப்படிச் சொல்லச் சொன்னேன்! வேணும்னா அவரையே கூப்பிட்டுக் கேளுங்க!"

கணவர் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாம்மா? எவ்வளவு தன்னடக்கம்!"

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு உசத்தியா சொல்லிட்டாரு! என்னை யாரும் இந்த வீட்டுல அப்படிச் சொன்னதில்லம்மா." அவர் கண் கலங்கியிருந்தது. அவரிடம் கோபப்படக்கூட முடியவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

திங்கட்கிழமை காலை கணவர் மூலையிலிருந்த முக்காலியை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார். "வீட்டு வேலைய முடிச்சிட்டு இங்கயே உக்காந்துக்கோ. ஃபேன் காத்து நல்லா வரும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நான் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவருக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அருகில் வந்து, என்னோடு சேர்த்து நாற்காலியைத் திருப்பினார். வாசல் என் முதுகுப் பக்கம் போனது.

"தவளை எங்கங்க?" என்றேன்.

"இனிமே அதுக்கு இங்க என்ன வேலை? கடையில வெச்சுக்கலாம்னு எடுத்துட்டுப் போறேன்."

என் முதுகுக்குப் பின்னால் காற்றுமணி கலகலத்தது. உள்ளறையிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. தவளை வேலைக்குக் கிளம்பிவிட்டது.