கடைசிச் சரணத்தில் ஒன்றரைக் கட்டை

அபெயோகுட்டா நகரில் பெரிய பாறைக்குக் கீழே இருக்கும் அந்தத் தேவாலயத்துக்குக் கூட்டம் வந்தது லாடிப்போவின் குரலுக்காக. ஆர்கன் வாசிக்கும் சொமோயேவுக்கு அது நன்றாகத் தெரியும். பாமாலை மெட்டுகளுக்கெல்லாம் ஆர்கன் கோர்வை எழுதியவர் அவர்தான். பாட்டுக்கு முன்னால் ஒரு முகப்பு, சரணங்களுக்கு நடுவே ஓர் இழைப்பு, கடைசிச் சரணத்தில் கூரை அதிர எல்லாக் குழல்களும். ஆனால் ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் மொய்ப்பது லாடிப்போவை. ஒருமுறை மூப்பர் ஒருவர், "அய்யா, இன்னிக்கு வாசிச்சீங்களா? காத்தாடி சத்தம்னு நெனச்சேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். சொமோயேவும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை.

லாடிப்போவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. லாகோஸில் அறுத்து எடுத்தார்கள். அவர் பாடாத அந்த ஒரு வருடமும் சொமோயேவின் கைகள் லேசாக இருந்தன. ஏன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் லாடிப்போ வீடு தேடி வந்தார். குரல் உமியை மிதித்தது போல் இருந்தது.

"டேய், ஒரே ஒரு பாட்டு. உயிரோட விட்டதுக்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லணும். ரெண்டு கட்டை இறக்கி எழுதிக் குடுடா. அதுக்கு மேல போனா இந்தத் தொண்ட தாங்காது."

"எழுதிட்டாப் போச்சு" என்றார் சொமோயே.

எழுதினார். அவர் எழுதியதிலேயே அழகான கோர்வை அது. குரல் எங்கே இளைக்கும் என்று கணித்து, அங்கெல்லாம் ஆர்கன் தாங்கிப் பிடித்தது. ஒத்திகையில் லாடிப்போ அழுதுவிட்டார். பாடகர் குழுவில் நின்ற அவர் மனைவி மொரின் அழவில்லை. "இன்னும் மெதுவா வாசிங்கண்ணே, அவர் குரல் கேக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு சொமோயே தனியாக உட்கார்ந்து கடைசி இழைப்பை வேறு மாதிரி வாசித்துப் பார்த்தார். சுருதி ஒன்றரைக் கட்டை ஏறியது. விரல்களுக்குப் பழகும்வரை திரும்பத் திரும்ப வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தைச் சுற்றிச் சேனைக்கிழங்கும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. காணிக்கை ஆடுகளைச் சன்னலுக்கு வெளியே கட்டியிருந்தார்கள். லாடிப்போ நீல அக்பாடா அங்கியில் வந்து நின்றார். முதல் மூன்று சரணங்களையும் கிழிந்த துணியைப் பதறாமல் தைப்பது போல் பாடினார். பெண்கள் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தார்கள்.

இழைப்பு தொடங்கியது. சுருதி ஏறியது. ஆர்கனுக்கு மேலிருந்த கண்ணாடியில் லாடிப்போவின் முகம் தெரிந்தது. இருட்டில் படி இல்லாத இடத்தில் கால் வைத்தவனின் முகம். அப்போதும் சுருதியை இறக்கியிருக்கலாம். சொமோயே ஆர்கனின் சத்தத்தைக் கூட்டும் மீதிக் குமிழ்களையும் வெளியே இழுத்தார்.

குரல் உடைந்தது. மே என்று ஒரு சத்தம். சன்னலுக்கு வெளியே ஓர் ஆடு பதிலுக்குக் கத்தியது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்கள் தோள் குலுங்கக் குனிந்துகொண்டார்கள். லாடிப்போ வாயை மூடிக்கொண்டு நின்றார். சொமோயே மிச்சப் பாட்டை ஒரு சுரம் விடாமல், முழு ஆர்கனில் வாசித்து முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் லாடிப்போ அவரிடம்தான் முதலில் வந்தார்.

"மன்னிச்சிருடா. உன் கோர்வையக் கெடுத்துட்டேன். சுருதி மேல போன மாதிரி இருந்துச்சு. அந்த வைத்தியத்துல காதும் போயிருச்சு போல."

உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"விடு. இன்னும் கொஞ்சம் ஒத்திகை பாத்திருக்கணும் நீ" என்றார் சொமோயே.

வெளியே ஜொலோஃப் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மொரின் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒன்றரைக் கட்டை" என்றாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுண்ணே."

சொமோயே சுற்றிலும் பார்த்தார். "போதகர்கிட்ட சொல்லப்போறியா?"

"எதுக்கு? பாடினா உள்ள ஆறின புண்ணு பிரிஞ்சுரும், ரத்தம் வரும்னு டாக்டர் சொன்னாரு. கால்ல விழுந்து கெஞ்சினேன், இவர் கேக்கல. இனிமே பாட மாட்டாரு. நான் செய்ய முடியாதத நீங்க செஞ்சுட்டீங்க. காது போச்சுன்னே நெனச்சிட்டுக் கெடக்கட்டும்."

"மொரின்..."

"ஆனா சும்மா வீட்டுல உக்காந்தா செத்துருவாரு. அடுத்த வாரத்துலேருந்து உங்க பக்கத்துல உக்காரட்டும். பக்கம் புரட்டட்டும், குமிழ் இழுக்கட்டும். முடியாதுன்னீங்கன்னா பீடத்துக்கு முன்னாடி நின்னு நானே எல்லாத்தையும் சொல்லுவேன். சோறு ஆறுது, சாப்பிடுங்க."

அடுத்த ஞாயிறு லாடிப்போ வந்து ஆர்கன் பலகையில் அவரை ஒட்டி உட்கார்ந்தார். ஒவ்வொரு இழைப்புக்கும், "அடடா, எங்கேர்ந்துடா வருது உனக்கு?" என்று காதருகே கிசுகிசுத்தார். சொமோயேவின் விரல்கள் தடுமாறின. கிறிஸ்துமஸ் வருவதற்குள் முகப்பை விட்டார், இழைப்பை விட்டார். புத்தகத்தில் இருந்த மெட்டை மட்டும் மொட்டையாக வாசித்தார். போதகர் காரணம் கேட்டபோது, விரல் வலி என்றார்.

லாடிப்போ அதை நம்பிவிட்டார். மறுவாரம் ஒரு டப்பாவில் ஷியா வெண்ணெய் கொண்டுவந்தார். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது சொமோயேவின் கைகளை இழுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டார். பாடகர் வரிசையிலிருந்து மொரின் பார்த்துக்கொண்டிருந்தாள். சொமோயே கையை இழுத்துக்கொள்ளவில்லை.