பத்தாம் அறையும் பத்தரை மணியும்

செவ்வாய்க்கிழமை, சிதம்பரத்தில் நெட்வொர்க் மாலை வகுப்பில் நான் குறித்துக்கொண்டது: ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுபதுதான், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. மீறினால் இரண்டு செய்திக்கான காசு. இதைக் கடலூர் ஆபீசில் முதலாளி பொன்னுரங்கத்திடம் சொன்னவன் நான்தான். சொல்லியிருக்கக் கூடாது.

கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் பத்தாம் அறையில், மீன் பதப்படுத்தும் கம்பெனிக்கு லேப் உதவியாளர் நேர்காணல். இடம் ஒன்று. நான்கு பேருக்குச் செய்தி போக வேண்டும்.

"தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடி. புள்ளிக்கெல்லாம் எவன்டா காசு குடுப்பான்?" என்றார் முதலாளி.

அப்படியும் 160ஐத் தாண்டியது. அவருடைய பெயரும் 'நிர்வாக இயக்குநர்' பட்டமும் மட்டும் முப்பத்தைந்து எழுத்து. அதைத் தொடக் கூடாதாம்.

"ஒன்பது மணிய எடுத்துடு. இன்டர்வியூன்னா ஒன்பதுன்னு எருமைக்குக்கூடத் தெரியும்."

அறை எண்ணும் சுருங்கி "10 arai" ஆனது. மிச்சம், நால்வருக்கும் சேர்த்து ஒரு ரூபாய் தேறாது. எனக்கு உறுத்தியது. எனக்கு எல்லாமே உறுத்தும் என்பதால் அனுப்பிவிட்டேன்.

வெள்ளியன்று உள்ளூர்க்காரர்கள் மூவர் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தேவனாம்பட்டினத்து வெண்மதி வந்தபோது மணி பத்து பத்து. "சீக்கிரம் வந்துட்டனாண்ணே?" என்றாள். உள்ளே கம்பெனிக்காரர்கள் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்டர்வியூ ஒன்பதுக்கும்மா."

போனை நீட்டினாள். "பத்தரைன்னுதானே போட்டிருக்கீங்க? டிகிரி முடிச்சு ரெண்டு வருசம், இப்பத்தான் ஒருத்தங்க கூப்ட்டாங்க. அதுலயும் இப்படியா?"

கம்பெனி அதிகாரி அனுப்பிரியா வெளியே வந்து போனை வாங்கிப் பார்த்தார். கூட வந்திருந்த பொன்னுரங்கம் குறுக்கே பாய்ந்தார்.

"ஹேக்கிங் மேடம் இது! எஸ்எம்எஸ்சுக்கு சேஃப்டியே கெடையாது. வழியில எவனோ மாத்திட்டான். நம்ம பையன் நெட்வொர்க் படிக்கிறான், கேளுங்க."

எஸ்எம்எஸ் பூட்டில்லாமல் போவது உண்மைதான். ஆனால், ஒன்பது மணியை மட்டும் உருவிக்கொண்டு, இவர் பெயரையும் பட்டத்தையும் பத்திரமாக விட்டுவைக்கும் திருடன் என் பாடத்தில் எங்கும் இல்லை. செய்தி அனுப்பும் கணக்கின் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்திருக்கும் மனிதர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார்.

அனுப்பிரியா என்னைப் பார்த்தார். சொல்லப்போவது சரிதானா என்று மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தேன்.

"ஹேக்கெல்லாம் இல்ல மேடம். அது பத்தரை இல்ல, அறை எண் பத்து. அடிச்சது நான். ஒன்பது மணிய எடுக்கச் சொன்னது சார்."

"சோறு போட்ட கைய கடிக்கிறியேடா," என்றார் பொன்னுரங்கம்.

அனுப்பிரியா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "உள்ள வாம்மா," என்று வெண்மதியிடம் சொல்லிவிட்டுப் போய், கட்டிய ஃபைலை அவிழ்த்தார்.

வெண்மதி செருப்பைக் கழற்றினாள். "உள்ள எத்தினி பேருன்னாவது ஒழுங்காச் சொல்லுண்ணே."

"மேடத்தோட சேத்து மூணு பேர்."

கதவிடுக்கில் எட்டி, தானே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.