மூன்று மணி முதல் மூன்றேகால் வரை

சிறையிலிருந்து வந்த கடிதத்தை அக்கா மறுபடி எடுத்துப் படித்தாள். காணொளிச் சந்திப்பு, மூன்று மணி முதல் மூன்றேகால் வரை. காலையிலிருந்து ஐந்தாறு முறை படித்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் மகனை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே முதல் மூன்று மாதம் பார்க்க முடியாது, பேச முடியாது. ஒரு சண்டையில் அவன் தள்ளிவிட்ட ஆள் படியில் உருண்டு செத்துப்போனான். ஏழு வருடத் தண்டனை. அதில் ஒன்று கழிந்திருந்தது.

போன மாதச் சந்திப்பை அவள் தன் போனில் பார்த்தாள். அவள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. மகனின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. குரல் துண்டு துண்டாக வந்தது. அன்று அழுதுகொண்டே தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி அவள் வீட்டுக்கு வைஃபை இணைப்பு வாங்கினான். தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தான்.

தம்பி ஓர் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் கைபட்ட எந்த எந்திரத்திலும் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் இருக்கும். லினக்ஸின் சின்னம் பெங்குயின். அக்கா மகன் அவனைப் பெங்குயின் மாமா என்றுதான் கூப்பிடுவான். நடையும் அதேதான் என்பான்.

இந்தச் சந்திப்பு நாளில் பதினொரு மணிக்கே தம்பி வந்துவிட்டான். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அதோடு விட்டிருக்கலாம். புதுப்பிக்க வேண்டியவை நூற்றுச் சொச்சம் என்று திரை காட்டியது. இப்படி ஒரு நாளில் எந்திரம் பழசாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் புதுப்பித்தான். லினக்ஸின் மூலப்பகுதியான கெர்னலும் புதிதாக வந்தது. பழைய கெர்னல்களைக் கையோடு நீக்கினான். வேண்டாதது இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது அவனுக்குப் பிடிக்காது. சாப்பிட்டான். இரண்டரைக்கு எந்திரத்தை அணைத்து மறுபடி போட்டான்.

வைஃபை இல்லை.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. வைஃபை டிரைவர் போயிருக்கு."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. திரும்ப ஏத்தணும்."

"காலையில இருந்துச்சே."

"காலையில இருந்துச்சு."

அந்த மடிக்கணினியின் வைஃபையை இயக்கும் நிரலான டிரைவர் கெர்னலோடு வருவதில்லை. தனியாகச் சேர்க்க வேண்டும். கெர்னல் மாறினால் அந்த டிரைவரை அதற்கேற்ப மறுபடி உருவாக்க வேண்டும். பழைய கெர்னல் இருந்தால் அதிலேயே எந்திரத்தைத் திறந்து சமாளித்திருக்கலாம்.

"கடைக்காரன் உள்ள போட்டுக் குடுத்தத அப்படியே வச்சிருந்தா என்னடா?" என்றாள் அக்கா. "ஊர்ல எல்லாரும் அதைத்தானே வச்சிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் ஓடாமலா இருக்கு?"

"ஓடும்க்கா. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம ஓடும்."

"எனக்கு உள்ள நடக்கறது தெரிய வேணாம். என் பையன் தெரிஞ்சா போதும்."

டிரைவரை உருவாக்கத் தேவையான கோப்புகள் இணையத்தில் இருந்தன. அவன் தன் போனை ஒரு வயரால் மடிக்கணினியில் சொருகினான். போனின் இணையம் மடிக்கணினிக்குள் வந்தது. மெதுவாக வந்தது. மணி இரண்டு ஐம்பது.

அக்கா தலை வாரி, வெளியே போகும்போது உடுத்தும் உடையில் இருந்தாள். தைக்க வந்த துணிகளையெல்லாம் உள்ளறையில் அள்ளிப் போட்டுவிட்டிருந்தாள். திரையின் மூலையைப் பார்த்தாள்.

"நெட்டு வந்துடுச்சுல்ல?"

"இது போன் நெட்டுக்கா."

"இதுல அவன் தெரிவானா, மாட்டானா?"

"தெரிவான். போன மாசம் மாதிரி நடுவுல நிக்கும்."

"நின்னா நிக்கட்டும்."

"மூணு மாசத்துக்கு இதுதான் கடைசி. முகத்த நல்லா பாக்க வேணாமா? பத்து நிமிஷம் குடு. சரியாவே பண்ணிடறேன்."

இந்த வீட்டில் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் சொன்னதுதான்.

கோப்புகள் வந்தன. டிரைவர் உருவாகவில்லை. பிழை என்று ஒரு வரி வந்து நின்றது. அவன் அந்த வரியை அப்படியே இணையத்தில் தேடினான். எங்கோ ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு முன்பு இதே பிழை வந்திருக்கிறது. அவரே வழியும் எழுதி வைத்திருந்தார். இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும். பிழை எது என்று தெரிந்ததும் அவனுக்குள் ஒரு நிம்மதி வந்தது. கொஞ்சம் உற்சாகம்கூட. விரல்கள் வேகமாகத் தட்டின.

"மூணாச்சு," என்றாள் அக்கா.

"தெரியுதுக்கா."

"இந்த வயர்லயே பேசிடறேன்டா."

"வேலை ஓடிட்டிருக்கு. இப்ப வேற எதையாவது தொறந்தா நின்னுடும். பழைய எந்திரம்."

அது முழு உண்மை இல்லை. நின்றுவிடாது, மெதுவாகும். அவ்வளவுதான்.

மூன்று நாலுக்கு டிரைவர் உருவாகி முடிந்தது. அவன் வயரைப் பிடுங்கிப் போனைப் பையில் போட்டுக்கொண்டான். டிரைவரை ஏற்றினான். எந்திரம் மறுத்தது. யார் உருவாக்கியது என்று உறுதி தெரியாத டிரைவரை அது உள்ளே விடாது. அணைத்து மறுபடி போட்டு, தொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அனுமதி கொடுக்க வேண்டும். அணைத்தான்.

கறுத்த திரையில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

"இந்நேரம் அவனக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருப்பாங்கல்ல?"

"ம்."

"எதிர்ல யாரும் இல்லாம."

"கொஞ்சம் பேசாம இரு, அக்கா."

நீலத் திரை வந்தது. அனுமதி கொடுத்தான். எந்திரம் மெல்லத் திறந்தது. வைஃபை வந்தது. சிக்னல் முழுதாகக் காட்டியது. சிறையின் பக்கத்தைத் திறந்து கடிதத்தில் இருந்த எண்ணை அடித்தான். காத்திருக்கவும் என்றது. எழுந்து அக்காவுக்கு நாற்காலியை விட்டான்.

மகன் வந்தபோது மணி மூன்று பதினொன்று.

படம் கொஞ்சமும் நடுங்கவில்லை. மோவாயில் சவரம் செய்யும்போது பட்ட கீறல்கூடத் தெரிந்தது.

"என்னம்மா நீ? வரவே மாட்டேன்னு நெனச்சேன்."

"தூங்கிட்டேன்பா."

"பகல்லயா? நீயா?"

"வயசாகுதுல்ல."

"இன்னிக்குப் போயி தூங்கினியா?"

பிறகு அவனே, சரி விடு, என்றான். அவனுக்குப் பின்னால் ஒரு காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பிடறியா?"

"சாப்பிடறேன். மாமா வந்திருக்காரா?"

தம்பி மடிக்கணினிக்குப் பின்னால், கேமராவில் விழாத இடத்தில் நின்றிருந்தான். ஒரு அடி முன்னால் வந்தான். அக்கா அவன் பக்கம் பார்க்கவில்லை.

"இல்லப்பா. வேலைக்குப் போயிட்டான்."

"இது பெங்குயின் போட்டுக் குடுத்ததா? பளிச்சுனு இருக்க நீ. கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேன்."

தம்பி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

மகன் குனிந்து எதையோ யோசித்தான். பிறகு முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தான்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அவசரத்துல சொல்ற விஷயம் இல்ல. கால் மணி நேரமும் அதுக்குத்தான்னு வச்சிருந்தேன்."

"சொல்லுப்பா."

"செத்துப்போனார்ல, அவரோட அம்மா எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க."

அக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு?"

"நாலு தடவ படிச்சிட்டேன். பதில் போடறதா வேணாமான்னே தெரியல. அவங்க என்ன கேக்கறாங்கன்னா, அன்னிக்குக் கடைசியா அவரு—"

முகம் போய்விட்டது. சந்திப்பு நேரம் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது.

"என்னடா இது? திரும்பக் கூப்பிடு."

"முடியாதுக்கா. அவங்களே நிறுத்திட்டாங்க."

"அந்தம்மா என்ன கேட்டாங்களாம்?"

"தெரியலக்கா."

"அவன் என்ன பதில் போடுவான்? யாரக் கேட்டுப் போடுவான்?"

தம்பி மேஜையில் கிடந்த வயரை எடுத்துச் சுற்றினான். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"வயர்லயே பேசியிருக்கலாம்க்கா," என்றான்.

"சொன்னேனேடா," என்றாள் அக்கா.