புளி இருக்கும் இடம்

பஞ்சாபகேசனுக்கு ரசத்தைக் குறை சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு வாய் உறிஞ்சியதுமே பெருங்காயம் குறைச்சல், ஒரு கொதி கூடிவிட்டது என்று தீர்ப்பு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி தர்மு அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே வந்தாள். சமையலறைக்குள் அவர் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான், அதுவும் அவள் ஊரில் இல்லாத நாளில்.

அப்படிப்பட்டவருக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ. தர்மு ஜுரத்தில் படுத்திருந்தாள். காலையில் தானே எழுந்து வெந்நீர் போட்டுக் குடித்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மிளகு ரசம் வைத்துக் கொடுப்போமே, என்ன பெரிய வித்தை என்று உள்ளே நுழைந்தார். ரசம் என்றால் ஈயச்சொம்பு. அது மட்டும் தெரியும். தர்முவின் அம்மா சீராகக் கொடுத்த சொம்பு. அதை எடுத்து அடுப்பில் வைத்து, தீயைப் பெரிதாக்கிவிட்டுப் புளியைத் தேடினார். டப்பா டப்பாவாகத் திறந்தார். கடுகு வந்தது, வெந்தயம் வந்தது, போன தீபாவளி மருந்துகூட வந்தது, புளி வரவில்லை. திறந்ததை மூடி வைக்கும் நல்ல பழக்கம் உண்டு, மூடி வைத்தார்.

வெறும் ஈயச்சொம்பை நெருப்பில் வைக்கக் கூடாது என்பது திருவையாற்றில் சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். அவர் திரும்பிப் பார்த்தபோது சொம்பு இடுப்பொடிந்து உட்கார்ந்திருந்தது. அணைப்பதற்குள் பாதி உருகி அடுப்பின் மேல் ஓடிவிட்டது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அந்த மனிதர் அடுத்துச் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கொல்லைக்குப் போய்த் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

"ஏன்னா! இங்க வாங்கோளேன்!"

தர்மு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெந்நீர் போட்டேனோல்லியோ, அப்பவே சொம்பையும் வெச்சுட்டுப் போயிருக்கேன். வெறும் சொம்பை. நானா இப்படிப் பண்ணினேன்?"

அவர் வாயைத் திறந்தார். "போறது விடு. ஜுரத்துல இருக்கே," என்றுதான் வந்தது.

அவள் சொம்புக்காக அழவில்லை. "எங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. மொதல்ல அடுப்பை மறந்தா. கடைசில என்னையே யாருன்னு கேட்டா."

ஜுரம் விட்டது, பயம் விடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தாள். ஒரு நாள் லைட்டரை அவர் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீங்களே பத்த வெச்சு நீங்களே அணைச்சுடுங்கோ. என்னை நம்பறதுக்கில்லை."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இவள் கையால் சாப்பிட்டோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தர்மு, சொம்பை வெச்சது நான்டீ. உனக்கு ரசம் பண்ணலாம்னு வெச்சேன். உருகிடுத்து. பயந்துண்டு கொல்லைக்கு ஓடிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"எனக்காகப் பொய் சொல்றேளா?"

"சத்தியமாடீ!"

"நீங்க, ரசம்? சரி, புளி எங்க இருக்கு? எடுங்கோ பாப்போம்."

பஞ்சாபகேசன் அலமாரியைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அதைத்தான் தேடிண்டிருந்தேன்..." என்றார்.

"போறும் போறும். இத்தனை வருஷத்துல எனக்காக ஒரு பொய்யாவது சொன்னேளே." குனிந்து, மேடைக்கு அடியிலிருந்த ஜாடியிலிருந்து புளியை எடுத்தாள். எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து அடுப்பில் ஏற்றினாள். "பத்த வைங்கோ."

பற்ற வைத்தார்.

சாதத்தில் ரசத்தை ஊற்றிவிட்டு எதிரேயே நின்றாள். "பெருங்காயம் போட்டேனா? மறந்திருந்தா மறைக்காம சொல்லுங்கோ."

போட்டிருந்தாள். உப்பு, புளிப்பு, காரம் எதிலும் ஒரு குறையில்லை.

"பிரமாதம்," என்றார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதையும் அவள் நம்பவில்லை.