பூஜ்யத்திலிருந்து நூறு வரை

என் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலித்துவிட்டது. எங்கள் புதுக் கார் பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பத்து நொடியில் தொடும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"ரோட்டுலயும் அதே வந்தா நீ இங்கயே இரு, ஹில்டா. வரலைன்னா உன் செக்‌ஷனை மூடிட்டு உன்னைப் புனேவுக்கு அனுப்பிடுவேன்" என்றார் மேனேஜர் லோகநாதன். ராயபுரத்தை விட்டு நான் புனேவுக்கா? அங்கே போய் எந்த மீனைத் தின்பது?

எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரி நிற்காத ரோடு கிடைப்பதே பெரும்பாடு. தெரிந்த கன்டெய்னர் யார்டுக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் உள்ரோட்டை விட்டுக் கொடுத்தார். மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல் ஓடினேன். லோகநாதனும் வந்திருந்தார். காரை ஓட்டுபவர் எங்கள் டெஸ்ட் டிரைவர் நீலமேகம் அண்ணன், வியாசர்பாடிக்காரர். நான் கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து லேப்டாப் வயரோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அவர் தயாராகிவிட்டார்.

கார் கிளம்பியது. எங்கே கிளம்பியது? 'கீச்'சென்று கத்திக்கொண்டு சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது, அப்புறம்தான் பாய்ந்தது. பன்னிரண்டு நொடி! லோகநாதன் என்னைப் பார்த்த பார்வையிலேயே புனே ரயில் தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கம்ப்யூட்டர் ஜெயித்தால் தன் வேலை போய்விடும் என்று இந்த மனுஷன் வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னாண்ணா, என்னை ஊர வுட்டே தொரத்தலாம்னு கீறியா?"

"அய்யய்யோ, இன்னாம்மா இப்டி கேட்டுட்ட! நீ ஜெயிக்கணும்னுதானே பூசணிக்கா ஒடச்சேன்!"

"எங்க ஒடச்ச?"

"வண்டி முன்னாடிதான். வேற எங்க ஒடைப்பாங்க?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கார் கிளம்பிய இடத்தில் பூசணிக்காய் குங்குமத்தோடு கூழாகக் கிடந்தது. முன்சக்கரம் இரண்டும் அதில்தான் வழுக்கியிருக்கின்றன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "உன் பாசத்துல தீய வெக்க!" என்று கத்திக்கொண்டே புதுத் துப்பட்டாவை உருவி ஒரு டயரைத் துடைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி மறு டயரைத் துடைத்தார். காரைச் சுத்தமான இடத்துக்குத் தள்ளி நிறுத்தினோம்.

இரண்டாம் தடவை சொல்லிவைத்த மாதிரி பத்து நொடி. நான் குதிப்பதற்குள் நீலமேகம் அண்ணன் காரைவிட்டு இறங்கிக் குதித்துவிட்டார்.

லோகநாதன் என் கையைக் குலுக்கினார். "பலே! இனிமே கம்ப்யூட்டரே போதும். ரோடு, டிரைவர், பெட்ரோல் எல்லாம் தண்டச் செலவு."

சட்டையில்லாமல் நின்ற அண்ணனின் ஆட்டம் நின்றுபோனது. பூசணி அப்பிய சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "பரவால்லமா, நீ இங்கயே இருப்ப இல்ல" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், நம்ம ஊர்ல கார் வாங்குறவன் ரோட்டுல எதை எதையோ ஒடைப்பான். அதெல்லாம் என் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அண்ணன் ஓட்டிப் பாக்காத காருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேணும்னா புனேவுக்கு டிக்கெட் போடுங்க. ரெண்டாப் போடுங்க."

லோகநாதன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இங்கயே கெடங்க" என்றார்.