மேனேஜரின் மூக்கும் செவந்தியின் ஆடும்

மதுவிலக்கு வந்தும் தன் டிரைவர்கள் ரகசியமாகக் குடிப்பதாகக் கேள்விப்பட்ட கந்தர்வக்கோட்டை பஸ் முதலாளி ஒரு சட்டம் போட்டார். தினமும் காலையில் டிரைவர்கள் வரிசையாக நின்று ஊதவேண்டும். மேனேஜர் குழந்தைசாமி முகர்ந்து பார்த்த பிறகே பஸ் கிளம்பவேண்டும். குடித்தவன் ஒருவன் தப்பினாலும் மேனேஜரின் சீட்டுக் கிழிந்துவிடும்.

பக்கத்து அரிசி மில் மேனேஜர், ஆள் சாயாமல் நின்றால் போதும் என்பதே தன் கொள்கை என்றார். குழந்தைசாமியின் கவலை கொள்கையல்ல, மூக்கு. பல வருஷம் மூக்குப்பொடி ஏற்றி ஏற்றி அது செத்தே போயிருந்தது. மல்லிகைக்கும் சாணிக்கும் அதற்கு வித்தியாசம் கிடையாது. முதலாளியிடம் இதைச் சொல்ல முடியுமா?

அவரைக் காப்பாற்றியது ஷெட் கூட்டும் செவந்தியின் வெள்ளாடு. தோப்பில் விழுந்து புளித்த முந்திரிப் பழத்துக்கு உயிரை விடும் ஆடு அது. ஒரு நாள் அது டிரைவர் இருளாண்டியின் மேல் கால் போட்டு ஏறி, அவன் வாயை நக்கியது. அவன் நெளிந்துகொண்டே, ராத்திரி கொஞ்சம் முந்திரிப்பழச் சாராயம் உள்ளே போனதை ஒப்புக்கொண்டான்.

மறுநாளிலிருந்து ஆட்டை மேனேஜரின் நாற்காலிக் காலில் கட்டினார்கள். டிரைவர் ஊதுவான். குழந்தைசாமி கண்ணை மூடி நீதிபதியைப் போல முகர்வார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து ஆட்டைப் பார்ப்பார். அது கயிற்றை இழுத்தால் அவனுக்கு அன்று வண்டி இல்லை. அந்த மூக்கின் புகழ் ஜெகதாப்பட்டினம் வரைக்கும் போயிற்று. பழக்காலம் முழுக்க இருளாண்டி வண்டியைத் தொடவில்லை.

புகழைக் கேட்டு ஒரு காலையில் முதலாளியே வந்தார். அவர் நாற்காலியை நெருங்கியதும் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு அவர் ஜிப்பாவில் காலை ஊன்றி, மீசையை நிதானமாக நக்க ஆரம்பித்தது. டிரைவர்கள் எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

“ஆடு தப்புப் பண்ணாதுங்க, மொதலாளி” என்றான் இருளாண்டி.

முதலாளியின் முகம் வெளுத்தது. குழந்தைசாமி முந்திக்கொண்டார். ஆட்டுக்கு என்ன தெரியும், சட்டப்படி தான்தானே முகரவேண்டும் என்று சொல்லி முதலாளியை ஊதச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கி ஊதினார். குழந்தைசாமி நெஞ்சு நிறைய இழுத்தார்.

“ஒரு வாசமும் இல்லீங்க.”

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்ன முதல் உண்மை அது.

முதலாளி அவரைக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு மூக்கு இருக்கும்போது விவரங்கெட்ட ஆடு எதற்கு, இனி அது ஷெட்டுப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். செவந்தி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

கார் மறைந்ததும் இருளாண்டி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக முன்னால் வந்து நின்றான்.

“ஊதட்டுங்களா, மேனேசரய்யா?”

குழந்தைசாமி மெல்ல எழுந்தார்.

“இருப்பா. ஆடு எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துட்டு வாரேன்.”