பூஜ்யத்தைப் பிடிக்கும் பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஆனாலும் கருணாகரன் சாரிடம் இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் அவருடைய பட்டறை; அங்கே சர்க்யூட் போடுவது என் வேலை. 2003இல் திருவொற்றியூர் இறால் கம்பெனி ஒன்றுக்கு, பாக்கெட் ஒட்டும் மிஷினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்தோம். லைனில் வரும் கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். அந்தக் கணத்தைப் பெட்டிக்குள் இருக்கும் சிப் பிடித்தால்தான் ஹீட்டரை அலுங்காமல் போட்டு அணைக்கும். சிப்புக்கும் லைனுக்கும் நடுவே ஆப்டோ என்று ஒரு சின்னச் சாமான் வைப்பேன். அதற்குள் வெளிச்சம்தான் சேதி சொல்லும், கரண்ட் தாண்டாது. சார் அதைத் தூக்கிவிட்டு, ரெண்டு ரெசிஸ்டர் போதும், செலவு மிச்சம் என்றார். அப்படிச் செய்தால் சிப்பின் கிரவுண்ட் கம்பி நேராக நியூட்ரல் வயரில், அதாவது ஷாக் அடிக்காத வயரில், நிற்கும். சூடு பார்க்கும் சென்சார் வழியாக மிஷின் இரும்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். நியூட்ரல் வயரும் கரண்ட் வயரும் இடம் மாறினால் இரும்பு முழுக்கக் கரண்ட் என்றேன்.

"மூணு பின் பிளக்கு கீது, ஆஃபியா. எப்டி மாறும்? சும்மா பேஜாரு பண்ணாத."

எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் பிளக் சேரவில்லை என்றால் அதை வெட்டி எறிந்துவிட்டு, வயர் முனையைச் சீவி, சாக்கெட்டில் தீக்குச்சி வைத்து இறுக்குவோம். என் வீட்டு மிக்சியே அப்படித்தான் ஓடியது. கம்பெனியிலும் அதையே செய்தார்கள். வயர் இடம் மாறியது, எர்த்தும் போனது. பூஜ்யம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பூஜ்யம்தானே, பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, மிஷினில் ஒட்டிக்கொண்ட பாக்கெட்டை எடுக்கப் போனாள் ரமாபாய். வியாசர்பாடிப் பெண். இருபத்தாறு வயது.

பிணவறை வாசலில் அவள் புருஷன் செங்குட்டுவன் உட்கார்ந்திருந்தார். குச்சி வைத்துச் சொருகியது ரமாபாய்தான், தப்பு அவளுடையது, நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டதாம். நீ எதுவும் உளறாதே என்று சார் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். செங்குட்டுவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆப்டோ இருந்திருந்தால் வயரை எப்படிச் சொருகினாலும் அவள் செத்திருக்க மாட்டாள், எழுதியே தருகிறேன் என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உனுக்கு மின்னாடியே தெரியும்."

"தெரியும்ணா."

திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.